இரண்டாவது இஞ்சின்

சின்ன விமானம் ஓட்டுகிறவர்கள் மத்தியில் ஒரு பழைய ஜோக் உண்டு. 'இரட்டை இஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுபோனால் இன்னொன்று எதற்கு?' என்று கேட்டால், 'விபத்து நடக்கப்போகிற இடம்வரை கொண்டுபோய்ச் சேர்க்க' என்பார்கள். முதல் தடவை கேட்கும்போது சிரிப்பு வரும். விபத்து அறிக்கைகள் நாலைந்து படித்துவிட்டுக் கேட்டால் அவ்வளவாக வராது.

எனக்கு விபத்து அறிக்கைகள் படிக்கிற பழக்கம் உண்டு, சிலர் துப்பறியும் நாவல் படிக்கிற மாதிரி. 'உருப்படியா வேற எதுவும் கிடைக்கலையா?' என்று வீட்டில் கேட்கிறார்கள். துப்பறியும் நாவலில் இல்லாத ஒரு நல்ல குணம் இவற்றில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் யார் கையிலும் விலங்கு மாட்டுவதில்லை. சர்வதேச விதியே அதுதான். விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, யாரையும் குற்றவாளி ஆக்குவதல்ல. அதனால் அறிக்கைகள் நிதானமாக, குரல் உயர்த்தாமல் எழுதப்பட்டிருக்கும். படிக்கிற நமக்குத்தான் நடுவில் புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தோன்றும்.

இவற்றில் எனக்கு நெடுநாள் சிநேகம், அந்தக்கால இரட்டை இஞ்சின் சின்ன விமானங்கள். பீச்கிராஃப்ட் 18, பைப்பர் அப்பாச்சி, அஸ்டெக், செஸ்னா 310, ஏரோ கமாண்டர், டி ஹாவிலண்ட் டவ். பிஸ்டன் இஞ்சின், இரண்டு ப்ரொப்பெல்லர், அதிகம் போனால் பத்துப் பேர் உட்காரலாம். சொந்த விமானம் வைத்துக்கொள்ளும் பணக்காரர்கள், ஒரு நாளில் இரண்டு ஊரில் கச்சேரி செய்யும் பாடகர்கள், தேர்தல் நேரத்து அரசியல்வாதிகள் என்று எல்லோரும் இதில்தான் போனார்கள். பீச் 18 முதன்முதலில் பறந்தது 1937ல். முப்பது வருஷத்துக்கு மேல் தயாரித்துக்கொண்டே இருந்தார்கள், 9,000க்கும் மேல் செய்தார்கள். நம் ஊர் அம்பாஸடர் மாதிரி. மாடல் எண் மாறும், முகம் மாறாது.

இதை வாங்கியவர்கள் ஒற்றை இஞ்சினை விட்டுவிட்டு, இரண்டு மடங்கு பெட்ரோல் செலவை ஏற்றுக்கொண்டதற்குப் பெரிய காரணம் தைரியம். ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் சரியான கணக்கு. ஆனால் இரண்டு இஞ்சின் என்றால், ஏதாவது ஒன்று நிற்பதற்கான வாய்ப்பும் இரண்டு மடங்கு. அதைச் சமாளித்துவிடலாம் என்பதுதான் நம்பிக்கை. எவ்வளவு சமாளிக்கலாம் என்று பார்ப்போம்.

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிற ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 50,000 சம்பளம், மொத்தம் ஒரு லட்சம். வீட்டுச் செலவு 40,000. மிச்சம் 60,000. ஒருவருக்கு வேலை போய்விடுகிறது. வருமானம் பாதியாகிறது. மிச்சம்? பாதியாக ஆவதில்லை. 10,000 ஆகிறது. அதாவது, போனது வருமானத்தில் பாதி, சேமிப்பில் ஆறில் ஐந்து பங்கு. விமானத்தில் அந்த மிச்சத்துக்குப் பெயர்தான் மேலேறும் சக்தி. சும்மா மட்டமாகப் பறக்கவே ஒரு குறிப்பிட்ட சக்தி வேண்டும், அதற்கு மேல் இருப்பதை வைத்துத்தான் ஏற முடியும். ஒரு இஞ்சின் நின்றால் சக்தி பாதி போகிறது, ஏறும் திறன் 80 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. போதாததற்கு, நின்றுபோன இஞ்சினின் ப்ரொப்பெல்லர் காற்றில் சும்மா சுற்றிக்கொண்டு விமானத்தைப் பின்னால் இழுக்கும். வேலை போனவர் கிரெடிட் கார்டையும் தேய்க்கிற மாதிரி. மிச்சமிருந்த பத்தாயிரமும் காலி.

இதைவிட எனக்குத் தூக்கிவாரிப்போட்ட விஷயம் ஒன்று உண்டு. 6,000 பவுண்டு எடைக்கு உட்பட்ட, குறைந்த வேகத்திலும் பறக்கக்கூடிய சின்ன இரட்டை இஞ்சின் விமானம் ஒரே இஞ்சினில் மேலேறித்தான் ஆக வேண்டும் என்று அமெரிக்க விதிகள் வற்புறுத்தவில்லை. ஏறுமா, இறங்குமா, நிமிஷத்துக்கு எத்தனை அடி என்று அளந்து கையேட்டில் போட்டுவிட்டால் போதும். அந்த எண்ணும் புது இஞ்சினை வைத்து, கைதேர்ந்த சோதனை விமானி ஓட்டிப் பார்த்தது. முப்பது வருஷம் உழைத்த இஞ்சின், கோடை வெயில், ஆறு பேர், அவர்கள் பெட்டிகள் எல்லாம் சேர்ந்தால் அந்த எண் என்ன ஆகும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

சரி, ஏறாவிட்டால் மெதுவாக இறங்கலாமே? பெரும்பாலானவர்களைக் கொன்றது ஏறாதது அல்ல, திரும்பியது.

இரட்டை மாட்டு வண்டி பார்த்திருப்பீர்கள். ஓடும்போது ஒரு மாடு திடீரென்று படுத்துவிட்டால் வண்டி பாதி வேகத்தில் நேராகப் போகாது. நிற்கிற மாடு இழுக்க, வண்டி படுத்த மாட்டின் பக்கம் சுழலும். விமானமும் அப்படித்தான். இடது இஞ்சின் நின்றால் வலது இஞ்சின் மூக்கை இடது பக்கம் தள்ளும். அதைச் சமாளிக்க வலது காலால் பெடலை மிதித்து, வாலில் உள்ள ரடரைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ரடர் என்பது காற்றைத் தள்ளும் ஒரு பலகை. காற்று வேகமாக வந்தால்தான் அதற்குப் பலம். வேகம் குறையக் குறைய ரடரின் பிடி தளரும், ஆனால் ஓடுகிற இஞ்சின் தள்ளுவது குறையாது. ஒரு கட்டத்துக்குக் கீழே பெடலை அடிவரை மிதித்தாலும் பிரயோஜனமில்லை. விமானம் செத்த இஞ்சின் பக்கம் சாய்ந்து, சில நொடிகளில் மல்லாந்துவிடும். வேகமானியில் அந்த எல்லையை ஒரு சிவப்புக் கோடாகப் போட்டிருப்பார்கள். அதற்குக் கொஞ்சம் மேலே ஒரு நீலக் கோடு. ஒற்றை இஞ்சினில் அதிகபட்சம் ஏறக் கூடிய வேகம் அது. இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில்தான் பலருடைய கடைசி நிமிஷம் கழிந்திருக்கிறது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது மனித சுபாவத்துக்கு நேர் எதிரானது. தரை நெருங்கும்போது கை தானாக மூக்கை மேலே தூக்கும். தூக்கினால் வேகம் குறையும், விமானம் புரளும். தப்பிக்க, மூக்கைத் தரையை நோக்கித் தாழ்த்த வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சினின் சக்தியையும் குறைக்க வேண்டும். 200 அடி உயரத்தில், ஜன்னல் முழுக்கத் தென்னை மரம் தெரியும்போது இதைச் செய்யும் மனசு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

என் நண்பர் ஒருவர் ரொம்ப காலம் விமானப் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என் தொல்லை தாங்காமல் ஒருநாள் சிமுலேட்டரில் உட்கார்த்தி வைத்தார். டேக்-ஆஃப் ஆன கையோடு, எனக்குச் சொல்லாமல் இடது இஞ்சினை நிறுத்தினார். வலது பெடலை மிதித்தேன். மிதித்தேன் என்று எழுதுவது சுலபம். அது ஒரு ஆள் எதிர்ப்பக்கம் நின்று நம் காலைத் தள்ளுகிற மாதிரி. இரண்டு நிமிஷத்தில் தொடை நடுங்க ஆரம்பித்தது.

"கால் வலிக்குதா சார்?"

"வலிக்குது."

"வலிக்கட்டும். வலிக்கிற கால் பக்கம்தான் உசிர் இருக்கு."

இது வெறும் கிண்டலில்லை, பால பாடம். எந்த இஞ்சின் நின்றது என்று அவசரத்தில் கண்டுபிடிக்க, மீட்டர்களைப் பார்ப்பதைவிடக் காலைக் கேட்பது மேல். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்க இஞ்சின் போய்விட்டது. பிறகு அந்தப் பக்க லீவரை மெதுவாகக் குறைத்துப் பார்த்து, ஒன்றும் மாறவில்லை என்றால் நிச்சயம் செய்துகொண்டு, ப்ரொப்பெல்லர் தகடுகளைக் காற்றுக்குக் கத்திமுனையாகத் திருப்பி நிறுத்த வேண்டும். அதைத்தான் ஃபெதர் செய்வது என்கிறார்கள். நிச்சயம் செய்துகொள்ளாமல் அவசரப்பட்டால் நல்ல இஞ்சினை நிறுத்திவிடும் ஆபத்து உண்டு. கற்றுக்குட்டிகள் மட்டும் செய்யும் காரியமல்ல இது. 2015 பிப்ரவரியில் தைப்பேயில் டிரான்ஸ்ஏஷியா நிறுவனத்தின் ஏ.டி.ஆர்-72 விமானம் மேம்பாலத்தை உரசிக்கொண்டு ஆற்றில் விழுந்ததே, டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு இஞ்சின் பழுது. விமானி நிறுத்தியது மற்றதை. 43 பேர் இறந்தார்கள். அது பெரிய, நவீன விமானம். காக்பிட்டில் துணைக்கும் ஆள் இருந்தது. பழைய சின்ன விமானத்தில் பெரும்பாலும் ஒரே ஆள்.

பழைய விமானங்களுக்கென்று தனி குணாதிசயங்கள் வேறு. பைப்பர் அப்பாச்சியில் சக்கரங்களை உள்ளே இழுக்கும் ஹைட்ராலிக் பம்ப் இடது இஞ்சினில் மட்டும்தான். நிற்கக் கூடாத இஞ்சினும் அதுவே. அது நின்றால், ஒரு காலால் பெடலை அழுத்திக்கொண்டு, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கை-பம்ப் அடித்துச் சக்கரத்தை ஏற்ற வேண்டும். தெரு முனை அடிபம்ப் மாதிரி. செஸ்னா 310ல் பெட்ரோல் விஷயம் விசித்திரம். 'மெயின்' டேங்க் இறக்கை நுனியில் இருக்கும். உள்பக்க டேங்கிலிருந்து இஞ்சினுக்குப் போகும் பெட்ரோலில் மிஞ்சுவது மெயின் டேங்குக்குத் திரும்பி வரும். மெயினைக் கொஞ்சம் காலி செய்யாமல் முதலிலேயே உள்டேங்குக்கு மாறினால், திரும்பி வருவதற்கு இடமில்லாமல் பெட்ரோல் வெளியே வழிந்து காற்றோடு போய்விடும். கணக்குப்படி இருக்க வேண்டிய பெட்ரோல் டேங்கில் இருக்காது. இரண்டு இஞ்சினுக்கும் பெட்ரோல் இல்லையென்றால் இரண்டு இருந்து என்ன?

இந்த ஜோக்கில் எவ்வளவு உண்மை என்று அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து 1979ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1972 முதல் 1976 வரை இஞ்சின் நின்றதால் நடந்த விபத்துகளைப் பார்த்தார்கள். அப்படி ஒரு விபத்து நேர்ந்தால் அதில் உயிர்போகும் வாய்ப்பு, ஒற்றை இஞ்சினைவிட இரட்டையில் அதிகம் என்று தெரியவந்தது. இதை அப்படியே எடுத்துக்கொள்வதும் நியாயமில்லை. ஒரு இஞ்சின் நின்று, மற்றதை வைத்துக்கொண்டு பக்கத்து ஏர்போர்ட்டில் பத்திரமாக இறங்கிக் காபி குடித்தவர்கள் விபத்துக் கணக்கில் வருவதில்லை. அவர்களுக்கு இரண்டாவது இஞ்சின் தெய்வம்தான். அந்தக் காலத்தில் பயிற்சிக்காகத் தாழ்வான உயரத்திலேயே இஞ்சினைக் குறைத்து, பயிற்சியிலேயே உயிர்விட்டவர்களும் உண்டு. இப்போது அமெரிக்காவில் வேகத்தைச் சிவப்புக் கோடுவரை குறைத்துக் காட்டும் பயிற்சியைத் தரையிலிருந்து 3,000 அடிக்குக் கீழே வராமல் முடித்துவிட வேண்டும்.

இவ்வளவும் சொன்னபிறகு ஓர் ஆச்சரியம். இந்த வகை விமானங்களில் இறந்துபோன பிரபலங்களின் அறிக்கைகளை எடுத்துப் பார்த்தால், இஞ்சினைக் காரணம் சொல்ல முடியாதவைதான் அதிகம் கண்ணில் படுகின்றன.

ஆடி மர்ஃபி. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் மிக அதிக விருதுகள் வாங்கிய வீரர்களில் ஒருவர், பிறகு சினிமா ஹீரோ. 1971 மே 28ல் அவர் போன ஏரோ கமாண்டர், மழையிலும் மேகத்திலும் வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதியது. ஆறு பேரும் போனார்கள். விமானிக்கு ஆயிரக்கணக்கான மணிநேர அனுபவம் இருந்தது. வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான தகுதிச் சான்றிதழ்தான் இல்லை.

பாடகர் ஜிம் க்ரோச். வயது 30. 1973 செப்டம்பர் 20 இரவு, லூசியானாவில் ஒரு கல்லூரிக் கச்சேரி முடித்துவிட்டு பீச் 18ல் ஏறினார். ரன்வே தாண்டியதும் ஒரு மரத்தில் மோதியது. ஆறு பேரும் இறந்தார்கள். விமானிக்கு வயது 57. இருதய ரத்தக்குழாய்களில் கடுமையான அடைப்பு இருந்தது. ஏர்போர்ட்டுக்கு வரும் வழியில் கொஞ்ச தூரம் ஓடியே வந்திருந்தார் என்கிறது அறிக்கை. இஞ்சின் இரண்டு, இருதயம் ஒன்றுதான்.

கிரஹாம் ஹில் கதை மனசைவிட்டுப் போவதில்லை. கார் பந்தயத்தில் 1962லும் 1968லும் உலக சாம்பியன். மொனாக்கோ, இண்டியானாபொலிஸ், லெ மான் மூன்றையும் ஜெயித்த ஒரே மனிதர். எத்தனையோ நண்பர்கள் ரேஸில் செத்ததைப் பார்த்துவிட்டு, உயிரோடு ஓய்வு பெற்றவர். 1975 நவம்பர் 29 இரவு, பிரான்ஸில் தன் டீமின் காரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, சொந்த பைப்பர் அஸ்டெக்கைத் தானே ஓட்டிக்கொண்டு லண்டன் அருகே எல்ஸ்ட்ரீக்குத் திரும்பினார். கடும் மூடுபனி. ரன்வேக்கு முன்னாலேயே ஒரு கோல்ஃப் மைதானத்து மரங்களில் மோதியது. அவரோடு, 23 வயது இளம் டிரைவர் டோனி பிரைஸ் உட்பட மொத்தம் ஆறு பேர் இறந்தார்கள். கிட்டத்தட்ட ஒரு டீமே முடிந்துபோயிற்று.

விசாரணையில் தெரியவந்தது: விமானத்தின் அமெரிக்கப் பதிவு காலாவதி ஆகியிருந்தது. கருவிகளை நம்பி ஓட்டுவதற்கான அவருடைய தகுதியும் புதுப்பிக்கப்படவில்லை. இதனால் இன்ஷூரன்ஸ் செல்லவில்லை. இறந்தவர்களின் குடும்பங்கள் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட, ஹில்லின் மனைவியும் பிள்ளைகளும் பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. அப்போது மகன் டேமனுக்கு 15 வயது. பிற்பாடு லண்டனில் மோட்டார் சைக்கிளில் கூரியர் டெலிவரி செய்து, மெல்ல மெல்ல ரேஸுக்கு வந்து, 1996ல் அவரும் உலக சாம்பியன் ஆனார். சந்தோஷமான முடிவுதான். ஆனால் நடுவில் 21 வருஷம் இருக்கிறது. எல்லாம், ரின்யூ செய்யாத இரண்டு காகிதம், ஒரு மூடுபனி.

இயந்திரம் நிரபராதி என்று சொல்லிவிட முடியாது. வயசு உலோகத்தையும் விடாது. ஒரு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். இறக்கையும் ஒவ்வொரு பறத்தலிலும் வளைந்து நிமிர்கிறது. 1951 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து கால்கூர்லிக்குப் போன டவ் விமானத்தின் இறக்கையே நடுவானில் பிய்ந்து, ஏழு பேர் இறந்தார்கள். உலோகச் சோர்வு. இதே காரணத்துக்காகத்தான் பீச் 18ன் இறக்கை எலும்புக்கு எக்ஸ்-ரே எடுக்கச் சொன்னார்கள், மேலே ஒரு பட்டை வைத்துக் கட்டச் சொன்னார்கள். மனிதர்களுக்குச் செய்கிற வைத்தியம்தான்.

2005 டிசம்பர் 19ல் மயாமி கடற்கரையில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சாக்ஸ் நிறுவனத்தின் க்ரம்மன் மல்லார்ட் விமானம் கிளம்பிய சற்று நேரத்தில் வலது இறக்கை கழன்று கடலில் விழுந்தது. தண்ணீரிலும் இறங்கக்கூடிய விமானம். 1947ல் செய்தது. 20 பேரும் இறந்தார்கள். இறக்கைக்குள் விரிசல் இருந்தது. இறக்கையிலேயே பெட்ரோல் டேங்க் என்பதால் விரிசல் வழியே பெட்ரோல் கசிந்துகொண்டிருந்தது. கசிவைத் திரும்பத் திரும்ப அடைத்தார்கள். ஏன் கசிகிறது என்று கடைசிவரை போய்ப் பார்க்கவில்லை. சுவரில் ஓதம் தெரிந்தால் மேலே பெயின்ட் அடித்துவிடுகிற வேலை. இங்கேயும் விரிசல் தன் கடமையைச் செய்தது, சொல்லிக்கொண்டே இருந்தது. கேட்க வேண்டியவர்கள் மனிதர்கள்.

இத்தனையையும் படித்துவிட்டு, இரண்டாவது இஞ்சினால் வருகிற உண்மையான ஆபத்து என்ன என்று நண்பரிடம் கேட்டேன். நம்பிக்கை என்றார். ஒற்றை இஞ்சின்காரனுக்கு இஞ்சின் நின்றால் யோசிக்க ஒன்றுமில்லை. மூக்கைத் தாழ்த்தி, வயலோ ரோடோ பார்த்து, கட்டுப்பாட்டோடு இறக்கிவிடுவான். கால் ஒடியலாம், உயிர் தப்பும். இரட்டை இஞ்சின்காரனுக்கு ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதே! அதை நம்பி, ஏறாத விமானத்தை ஏற்றப் பார்ப்பான். சில சமயம் அந்த நல்ல இஞ்சினையும் நிறுத்திவிட்டு எதிரே இருக்கும் வயலில் இறங்குவதுதான் ஒரே வழி. "நல்லா ஓடுற இஞ்சினை எவன் சார் மனசார நிறுத்துவான்?" என்றார். கையில் இருக்கிற பாதியை விட மனசில்லாமல் முழுசையும் விட்டவர்கள் விமானத்தில் மட்டுமா இருக்கிறார்கள்?

அந்த முடிவை மேலே போய் எடுக்க நேரமிருக்காது. கீழேயே எடுத்துவிட வேண்டும். அதனால் ஒவ்வொரு டேக்-ஆஃபுக்கும் முன்னால், ரன்வே முனையில் நின்றுகொண்டு, மூன்று வாக்கியம் சொல்ல வேண்டுமாம். தரையில் ஓடும்போதே ஒன்று நின்றால் இரண்டையும் மூடி பிரேக் போடுவேன். எழும்பிய பிறகு நின்று, ரன்வே மிச்சம் இருந்தால் இறங்கிவிடுவேன். சக்கரம் உள்ளே போய், நீலக்கோட்டு வேகம் இருந்தால் மட்டுமே மேலே போவேன், இல்லாவிட்டால் இரண்டையும் மூடி நேர் எதிரே இறங்குவேன்.

பக்கத்து சீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் அவர் அதைச் சத்தமாகத்தான் சொல்வாராம். மனசுக்குள் சொன்னால், மனசு அந்த மூன்றாவது வாக்கியத்தின் கடைசிப் பாதியை முழுங்கிவிடுகிறது என்கிறார்.